இன்னொரு அலசு

அந்த அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், முதல் வேலையாக அந்தத் தண்ணீரை வைத்தே டம்ளரைக் கழுவுவார். கழுவிக் கீழே கொட்டிவிட்டு, காலி டம்ளரை நம்மிடமே நீட்டி, "இப்ப ஊத்து" என்பார்.

நான் கல்யாணமாகி, சிம்மக்கல் பக்கம் எங்கள் வளவுக்குக் குடிவந்த முதல் வாரமே இது எனக்கு நடந்தது. வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே எதிரெதிராக வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயடி. அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். புதுப்பெண்ணைப் பார்க்க வந்தவருக்கு, என் சீர்வரிசை டம்ளரில், பேர் வெட்டிய எழுத்துகூடத் தேயாத டம்ளரில், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுவிக் கொட்டினார்.

என்மேல் ஏதாவது வாடை அடிக்கிறதா, கையில் தேமல் கீமல் இருக்கிறதா, டம்ளருக்குள் பல்லி இருந்ததா என்று பொழுது சாயும்வரை அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்த யோசனையில் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடி கிறுக்கி. அது அவங்க வீட்டு டம்ளரையே கழுவிட்டுத்தான் குடிக்கும். அதுவும் தன் கையால கழுவி வச்ச டம்ளரை."

உண்மைதான். ஆள் பார்த்து, சாதி பார்த்துச் செய்கிற காரியம் இல்லை அது. பெற்ற தாய் ஊரிலிருந்து வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் காலில் தண்ணீர் விழுந்துவிடும். பரவைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த தம்பி கத்திரிக்காய் கொண்டுவந்தால், காய் குளிக்கும், காயைக் கொண்டுவந்த பை குளிக்கும், முடிந்தால் தம்பியும் குளித்துவிட்டுத்தான் காபி குடிக்க முடியும்.

அக்காவின் வீட்டுக்காரரை வளவில் எல்லாரும் அண்ணன் என்போம். அவருக்கு எண்ணெய்க் கடையில் வேலை. எண்ணெய்க் கடைக்காரருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்தது யார் செய்த ஏற்பாடோ. சாயங்காலம் வந்ததும் வளவு வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, "வந்துட்டேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அக்கா சீயக்காயும் செம்புமாக வருவார். அண்ணனுக்கு முன்னால் சைக்கிள் கைப்பிடிக்குத்தான் குளியல்.

அழகர்கோவில் தோசையிடம் மட்டும் அக்கா தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வளவுப் பெண்கள் எல்லாரும் டவுன் பஸ் பிடித்துப் போயிருந்தோம். பிரசாதத் தோசையை வாங்கி இலையில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் நின்றார். சாமி கொடுத்ததைக் கழுவினால் பாவம். கழுவாமல் தின்றால் அதைவிடப் பாவம். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார், ஊதினார், முந்தானையால் ஒற்றினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போட்டார்.

"நெய்யில வெந்தது. நெருப்பு கழுவியிருக்கும்" என்று எனக்கும் சாமிக்கும் பொதுவாகச் சொன்னார்.

இம்புட்டுப் பேரில் என்னிடம் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. அதற்குக் காரணம் என் பயம். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே கணக்கு டீச்சருக்குப் பயந்துதான். அடுப்பை அணைத்தேனா, கொடியில் துணி கிடக்கிறதா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வருவேன். வளவில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார்.

"பயப்படுறவ கண்ணுதான் கண்ணு. தைரியசாலி எதைப் பாக்குறா?" என்பார். பிறகு, தான் கழுவிய குண்டானை என் முகத்துக்கு நேராக நீட்டுவார். "கழுவுன கை எப்பவும் சுத்தம்னுதான் சொல்லும். இன்னொரு கண்ணு பாக்கணும். நீ பாரு."

நான் பார்ப்பேன். பளபளவென்று என் மூஞ்சி தெரியும். "நல்லா இருக்குக்கா" என்பேன். "விளிம்புக்கு அடியில பாத்தியா?" என்பார். பார்த்திருக்க மாட்டேன். மறுபடி பார்த்தால் அங்கே கடுகளவு சாம்பல் இருக்கும். அக்காவுக்கு அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஆண்பிள்ளை பிறந்த செய்தி கேட்டதுபோல் குண்டானைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவார்.

விடிந்தும் விடியாததுமாக அவர் பாத்திரம் விளக்குகிற சத்தம்தான் எனக்குக் கடிகாரம். தேங்காய் நாரும் சாம்பலும். சரக், சரக், சரக் என்று சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்ததுபோல் ஒரே தாளம். ஒருநாள் அந்தத் தாளம் தப்பியது. சரக், சரக், பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி சரக். பிறகு ஒரு இருமல்.

நான் என் வீட்டுக்காரரை உலுக்கினேன். "ஏங்க, அக்கா நின்னு நின்னு வெளக்குது."

"நிக்காம வெளக்குனாலும் உனக்குத் தூக்கம் வராது, நின்னு வெளக்குனாலும் வராது. படு."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் இன்னும் மோசம். குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுபோவதற்குள் அக்கா நிலைப்படியில் கையை ஊன்றி நின்றார். "வெயிலு" என்றார். அது மார்கழி.

தெருமுனை டாக்டர் முதலில் இருமல் மருந்து கொடுத்தார். பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று இருந்தது. காசமாகத்தான் இருக்கும் என்று மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தார். மாசக்கணக்கில் ஊசி போட்டும் மூச்சு மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது.

காசம் என்ற சொல் வளவில் ஒரே நாளில் பரவிவிட்டது. அக்கா குழாயைத் தொட்டுவிட்டுப் போனதும், எதிர்வீட்டு மதினி ஒரு செம்புத் தண்ணீரால் குழாய்த் திருகைக் கழுவ ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்குக் கழுவினார்கள். இதை அக்கா பார்த்துவிட்டால் மனம் உடைந்துபோகுமே என்று அவர் வீட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளு" என்றார் அக்கா. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு மதினி திருகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா. இம்புட்டு வருசமா… தொண்டை கிழியச் சொன்னேன். இப்பத்தான்… இந்த வளவுக்குப் புத்தி வந்திருக்கு." மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஏ புள்ள! மேல மட்டும் ஊத்துறியே… அடியில… யாரு கழுவுறது?"

மதினி செம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

மூச்சு குறையக் குறைய அக்காவின் பேச்சும் சுருங்கியது. முன்பெல்லாம் பால்காரரை, மாட்டைக் குளிப்பாட்டினாயா, உன்னைக் குளிப்பாட்டினாயா, இந்தக் கேனின் மூடியை உன் கல்யாணத்துக்கு அப்புறம் கழுவினாயா என்று பால் அளந்து முடிக்கும்வரை வறுத்தெடுப்பார். இப்போது வாசலில் உட்கார்ந்தபடி, "கை?" என்பார். அவ்வளவுதான். பால்காரர் அந்த ஒரு சொல்லுக்கு அதிகம் பயந்தார். குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்.

ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் எழுந்து ஓடினேன். அக்கா பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினார். நகமெல்லாம் நாவற்பழம் தின்றதுபோல் நீலம். பக்கத்தில் விளக்காத பாத்திரங்கள் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்து, ஒரு நர்ஸம்மா மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க்கை எடுத்தார். அக்கா அதைக் கையால் தடுத்து, என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"சிஸ்டர், இதைக் கழுவுனீங்களான்னு கேக்குறாங்க."

"மூச்சே இல்ல, இப்பப் போய் என்னம்மா கேள்வி? எல்லாம் கொதிக்க வச்சதுதான்."

அக்கா தலையை இடமும் வலமும் ஆட்டினார். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் கண்முன்னாலேயே குழாயில் ஒருதரம் காட்டிக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா ஆக்ஸிஜனை உள்ளே விட்டார்.

நெஞ்சு டாக்டர் மெலிந்த மனிதர். எப்போதும் தூக்கம் பாக்கி இருப்பதுபோல் ஒரு முகம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல தூசி தும்பு அதிகமாம்மா?"

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்கா மாஸ்க்கைத் தூக்கினார். "என்… வீட்டுலயா?" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. ஆனால் விட்டுவிடவும் மனசில்லை. கையை நீட்டி, டாக்டருடைய மேசையின் விளிம்பில் ஒரு விரலை இழுத்து, அந்த விரலை அவரிடம் காட்டினார். விரல் நுனி கறுப்பாக இருந்தது.

டாக்டர் கர்ச்சீப்பை எடுத்து மேசையைத் துடைத்தார்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு, உள்ளே இருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார்கள். பால் மாதிரி இருந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "இது காசம் இல்ல. ரொம்ப அபூர்வமான ஒரு நோய். நுரையீரல்ல காத்து நிக்கிறதுக்குன்னு சின்னச் சின்னப் பை இருக்கு. அதுக்குள்ள ஒரு பசை படிஞ்சு, பை பூரா அடைச்சுப்போச்சு. ஏன் படியுதுன்னு சரியாத் தெரியல. மருந்தெல்லாம் கேக்காது. மயக்கம் குடுத்து, ஒரு பக்க நுரையீரலுக்குள்ள தண்ணி விட்டுக் கழுவணும். அந்த நேரம் மறுபக்கம் மூச்சு வாங்கிக்கிரும். நான் படிச்ச இடத்துல பாத்திருக்கேன். செய்யலாம். செய்யாம விட்டா இந்த வாரம் தாண்டுறதே கஷ்டம்."

நான் பயந்து அக்காவைப் பார்த்தேன். அவர் சாவுக்குப் பயப்பட்டதாகத் தெரியவில்லை. அவமானத்தில் குறுகிப்போயிருந்தார்.

"எனக்குள்ள… அழுக்கா?" என்றார்.

"அழுக்கு இல்லம்மா, பசை."

"படிஞ்சா… அழுக்குதான்." என் கையைப் பிடித்து இழுத்தார். "வளவுல… சொல்லாத. காசம்னே… சொல்லு."

சொன்னபடியே செய்தேன். எதிர்வீட்டு மதினி கேட்டபோதும், என் மாமியார் குடைந்து குடைந்து கேட்டபோதும் காசம் என்றுதான் சொன்னேன். இத்தனை வருசம் கழித்து, அந்த வளவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: அது காசம்தான்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கழுவ வேண்டும் என்றதும் அக்கா முடியாது என்றுவிட்டார். "அடுத்தவங்க கழுவுனது… எனக்கு ஆகாது." டாக்டருக்கு விளங்கவில்லை. நான் டம்ளரில் ஆரம்பித்து அழகர்கோவில் தோசைவரை சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"உயிர் போயிரும்மா."

அக்கா கையை விரித்தார். போகட்டும், கழுவாத கை படாமல் போகட்டும் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எண்ணெய்க் கடை மூட்டைகளைத் தனி ஆளாகத் தூக்குகிற மனிதர், வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "தண்ணி நல்ல தண்ணியா இருந்தா ஒத்துக்குவா. இந்தா போயிட்டு வாரேன், நீ அவளைப் பாத்துக்க" என்று கிளம்பிப் போனார். எங்கே என்று கேட்பதற்குள் ஆளைக் காணோம்.

மறுநாள் காலை ஒரு பெரிய தகரக் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வார்டுக்குள் வந்தார். அழகர்மலைத் தீர்த்தம். மலைமேல் ஏறி, சுனையில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தத் தீர்த்தத்தில்தான் அழகருக்கு அபிஷேகம், வேறு தண்ணீர் பட்டால் சிலை கறுத்துப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது.

"டாக்டர், சாமியே வேற தண்ணில குளிக்க மாட்டாரு. இதை விட்டுக் கழுவுங்க."

"ஐயா, உள்ள விடுறதுக்குன்னு அளவா உப்புக் கலந்து, கிருமி போக்குன தண்ணி இருக்குயா. அதைத்தான் விடணும்."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உப்புத் தண்ணியா? உப்புத் தண்ணில சோப்பே நுரைக்காதே டாக்டர்!"

"சோப்பு போடப் போறதில்லயா."

"சோப்பு போடாமயா கழுவப் போறீங்க?"

இந்த வழக்கு எங்கே போய் முடிந்திருக்குமோ, அக்கா படுக்கையைத் தட்டிக் கூப்பிட்டார். கேனைத் திறக்கச் சொல்லிச் சைகை செய்தார். அண்ணன் பயபக்தியோடு திறந்து குனிந்து காட்டினார். அக்கா உள்ளே பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"எண்ணெ" என்றார்.

எட்டிப் பார்த்தேன். தீர்த்தத்தின்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்தது. கடைக் கேன். கொதிக்கிற தண்ணீரும் சீயக்காயும் போட்டு, தன்னால் முடிந்த மட்டும் அண்ணன் கழுவித்தான் இருக்கிறார். அந்த மனிதர் கேனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டருக்குப் பொறுமை தீர்ந்துபோனது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரையும் சம்மதிக்க வைக்கிற தெம்பு இல்லாமல் சொன்னார். "இந்தா பாருங்கம்மா. உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. இதை ஒரு தடவை கழுவுனாத் தீந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். எம்புட்டுதான் கழுவுனாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். சில பேருக்குக் கொஞ்ச வருசத்துல மறுபடி படியும். மறுபடி கழுவணும். சில பேருக்கு வராமயும் போகும். எனக்குத் தெரியாது."

போச்சு என்று நினைத்தேன். சம்மதிக்கிறவர்கூட இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவாரே. அண்ணன் தரையில் இருந்தபடியே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. விளிம்புக்கு அடியில் சாம்பலைக் காணும்போது வருமே, அதே வெளிச்சம். மாஸ்க்கைத் தூக்கினார்.

"மறுபடியும்… கழுவுவீங்களா?"

"கழுவுவேன்."

"அலுக்காம?"

"அலுக்காம."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இவருக்கு… கழுவத் தெரியும்" என்றார். பிறகு என்னைக் காட்டி டாக்டரிடம் சொன்னார்: "இவ… பாக்கணும்."

தியேட்டருக்குள் வெளியாள் வரக்கூடாது. டாக்டர் யோசித்துவிட்டு, கதவில் இருந்த வட்டக் கண்ணாடிக்கு நேராக ஒரு சின்ன மேசையைப் போடச் சொன்னார். உள்ளே இருந்து வடித்து எடுக்கிற தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக அதில் வைப்பார்கள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

அன்றைக்கு அண்ணனும் நானும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். மயக்கம் தெளியாமல் போனால்? தண்ணீர் மறுபக்கத்துக்கு வழிந்துவிட்டால்? கரண்ட் போனால்? ஒவ்வொன்றாக அண்ணனிடம் சொன்னேன். அவர், "ஆத்தா, நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பாரு தாயி" என்று கும்பிட்டார்.

முதல் பாட்டில் வந்தது. அரிசி களைந்த முதல் தண்ணீர் எப்படி இருக்கும்? அதைவிடக் கெட்டி. அடுத்ததும் அப்படியே. உள்ளே யாரோ அக்காவின் விலாவில் கையைக் குவித்துக் கும் கும் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. ஒட்டியிருப்பது உதிர்ந்து வர அப்படித் தட்டுவார்களாம். தண்ணீர் விடுவார்கள், தட்டுவார்கள், வடிப்பார்கள். மேசையில் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போயின. பால், மோர், நீர்மோர், இளநீர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எனக்குப் பயம்கூட மறந்துவிட்டது. அக்கா இதைப் பார்க்க முடியாமல் தூங்குகிறாரே, வாழ்நாளில் அவர் பார்த்திருக்க வேண்டிய காட்சி இதுதானே என்று தோன்றியது.

திடீரென்று உள்ளே குரல்கள் மாறின. நாடி இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். தட்டுகிற சத்தம் நின்றது. கடைசியாக ஒரு பாட்டிலை வைத்துவிட்டு நர்ஸம்மா ஓடினார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எம்புட்டு நேரமோ. கதவு திறந்து டாக்டர் வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "தாங்கிருச்சு. ஆனா இதுக்கு மேல கழுவுனா ஆபத்து, நிறுத்திட்டேன்" என்றார்.

மறுநாள் அக்காவைப் பார்க்க விட்டார்கள். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு, மாஸ்க் போட்டிருந்தார்கள். நகத்தில் நீலம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். டாக்டரும் பக்கத்தில்தான் நின்றார். நல்ல வார்த்தை சொல் என்பதுபோல் அண்ணன் என் முதுகில் விரலால் குத்தினார். ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் எதைச் சொல்லித் தப்பிப்பது?

"நல்லாத் தெளிஞ்சு வந்துச்சுக்கா. கடைசிப் பாட்டில்ல மட்டும் லேசா மங்கல் இருந்துச்சு."

அக்கா மெதுவாக மாஸ்க்கைத் தூக்கினார். கட்டிப்போன குரலில் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏன் டாக்டரு, அம்புட்டுத் தண்ணியைச் செலவழிச்சவரு இன்னும் ஒரே ஒரு அலசு அலசிவிட்டிருந்தா உங்க கையில இருக்கிற வளையலா தேஞ்சுபோயிரும்?"

நர்ஸம்மா கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றார். மாசக்கணக்காக ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியவர், முழு வசவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார். டாக்டர் வளையல் இல்லாத தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் டாக்டருக்குத்தான் தொல்லை. ஒரு பக்கமே இவ்வளவு தேறிவிட்டது, மறுபக்கத்தை மெதுவாகப் பார்க்கலாம் என்றார். அக்கா விடவில்லை. "ஒரு பக்கம் வெளக்கி ஒரு பக்கம் வெளக்காத சட்டி மாதிரி என்னைப் போட்டு வச்சிருக்கீங்க. எனக்குத் தூக்கம் வரல" என்று தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது பிடித்துக்கொண்டார். கடைசியில் அவரும் கழுவினார். நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இந்தத் தடவை கடைசிப் பாட்டில் ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை நான் சொன்னபோது அக்கா நம்பவில்லை என்பதை அவர் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்புகிற நாள் வந்தது. அக்கா வீட்டைக் கழுவுவது என்றால் சும்மாவா? அதிகாலையிலேயே ஆரம்பித்தேன். தரை, சுவர், ஜன்னல் கம்பி, சுவிட்சின் மேல்பக்கம். வெண்கலம், பித்தளை, எவர்சில்வர் என்று அத்தனையையும் விளிம்புக்கு அடியில் விரலை விட்டு விட்டு விளக்கினேன். எதிர்வீட்டு மதினிகூட வந்து குழாயை அடியோடு கழுவிக் கொடுத்தார்.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி, அண்ணன் கையைப் பிடித்து, நிற்காமல் வாசல்வரை நடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வளவே வாசலில் நின்று பார்த்தது. அக்கா டம்ளரை வாங்கினார். உள்ளே ஒருதரம் பார்த்தார்.

மடமடவென்று குடித்துவிட்டார்.

தெரு வாசலுக்கு ஓடிப்போய், ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அக்கா கழுவாமக் குடிச்சிட்டாங்க!"

அண்ணன் முகம் வெளிறிப்போனது. "நெசமாவா? முழுசாவா?"

"முழுசா!"

"மூளைக்குக் கீளைக்கு மூச்சு போகாம இருந்திருக்குமோ?" என்றார் எதிர்வீட்டு மதினி. ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்று அண்ணன் யோசித்தார். அக்காவோ காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். களைப்பாக இருக்கிறது, தூங்கினால் சரியாகும் என்று எல்லாரையும் அண்ணன் அனுப்பிவைத்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நுரையீரலைக் கழுவும்போது தப்பித்தவறி அக்காவையே கழுவி வெளியே விட்டுவிட்டார்களோ என்று பயந்துகிடந்தேன்.

விடிகிற நேரத்தில் வாசல் பக்கம் ஒரு சத்தம்.

சரக்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். சரக், சரக். இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று எதிர்பார்த்தேன். சரக், சரக், சரக். இழுத்துப் பிடித்ததுபோல் ஒரே தாளம். நிற்கவில்லை.

கதவைத் திறந்து பார்த்தேன். குழாயடியில் அக்கா குந்தி உட்கார்ந்திருந்தார். நான் முந்தின நாள் விளக்கி வைத்த வெண்கலம், பித்தளை, எவர்சில்வர் அத்தனையும் அவருக்குப் பக்கத்தில் அழுக்குப் பாத்திரமாகக் குவிந்து கிடந்தது. மேலே அந்த டம்ளர். அதோடு நான் கழுவிக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் வீட்டுக் குண்டானும் அவர் கையில் இருந்தது.

என் மாமியார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "ஏண்டி, நீ வெளக்குனதையெல்லாம் அவ மறுபடி எடுத்துப் போட்டு வெளக்குறா. பாத்துக்கிட்டு நிக்கிறியே, உனக்கு ரோஷம் மானம் இல்ல?"

உள்ளே போய், அலமாரியில் அடுக்கியிருந்த சுத்தமான டம்ளர்களையும் அள்ளிக்கொண்டு வந்து, அக்கா பக்கத்தில் குழாயடியில் வைத்தேன்.